அந்த எண் பொய்யில்லை

மொக்போ நகரத்துக் கடைகளில் இருபத்தேழு வருடம் விலை கேட்டு எழுதியவள் குக் யொன்-ஓக். அரசாங்கம் மாதாமாதம் வெளியிடும் விலைவாசிக் கணக்குக்காக, வாளை மீன் என்ன விலை, கிம்ச்சி ஊறுகாய்க்குப் போடும் கோஸ் என்ன விலை, முடிவெட்ட எவ்வளவு என்று வெயில் மழை பாராமல் அலைகிற உத்தியோகம். ஒருமுறை வரி வசூலிக்க வந்தவள் என்று நினைத்து மீன்காரி தொக்-நாம் ஒரு வாளித் தண்ணீரை அவள் தலையில் கவிழ்த்தாள். யொன்-ஓக் சொட்டச் சொட்ட நின்று, விலையைக் கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் நகர்ந்தாள்.

ஓய்வு பெற்று எட்டு வருடமாகிறது. முன்பெல்லாம் விலைவாசி எவ்வளவு ஏறியதோ, அவ்வளவு ஓய்வூதியமும் ஜனவரியில் ஏறிவிடும். 2015இல் சட்டத்தை மாற்றி, மறுவருடம் முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு வோன் காசுகூட ஏறாது என்று நிறுத்திவிட்டார்கள். இது நாலாவது வருடம். இரண்டு பற்களைக் கட்டாமல் தள்ளிப்போட்டிருந்தாள். தரையைச் சூடாக்கும் அடுப்பைப் படுக்கிற அறைக்கு மட்டும் போட்டுக்கொண்டாள்.

அக்டோபரில், தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி இந்த நிறுத்தத்துக்கு விளக்கம் சொல்ல வருகிறார் என்று தகவல் வந்தது. ஓய்வூதியர் சங்கத் தலைவர் பாங் கி-ஹொன் அவள் வீட்டுக்கே வந்தார். பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர்.

"நீங்கதான் மேடையேறணும். 'அந்தக் கணக்கே பொய், மேலிடத்துல சொல்லிக் கொறச்சு எழுதினோம்'னு ஒரு வார்த்தை. போதும், மண்டபமே அதிரும்."

"கொறச்சு எழுதலையே, தலைவரே."

"எழுதினீங்களோ இல்லையோ, யாரு பாக்கப் போறா?"

"நான் பாத்தேன். என் கைதானே எழுதுச்சு."

பாங்கின் முகம் சுருங்கிப்போயிற்று. "அப்போ நீங்க வாயத் திறக்காம உக்காந்திருந்தாலே பெரிய உபகாரம்."

மறுநாள் சந்தையில் இதைக் கேட்டு, இப்போது சிநேகிதியாகிவிட்ட தொக்-நாம் கத்தியைப் பலகையில் ஓங்கிக் குத்தினாள்.

"என்னக்கா, ஒரு பொய் சொன்னா பல்லு கட்டிரலாமே?"

"பொய் சொல்றதுக்கு எதுக்குடி பல்லு?"

"ஆமா, உனக்குப் பல்லில்லாமலே கடிக்கத் தெரியும்," என்று தொக்-நாம் சிரித்தாள்.

துறைமுகத் தெருக் கல்யாண மண்டபத்தில் முந்நூறு பேர் கூடியிருந்தார்கள். முன்வரிசை முழுக்க 'பொய்க் கணக்கு' என்று எழுதிய அட்டைகள். அதிகாரிக்கு நாற்பது வயதிருக்கும், சிரித்த முகம்.

"பெரியவங்க கோபம் புரியுது. ஆனா போன மாசம் விலைவாசி ஏறவே இல்ல, கொஞ்சம் எறங்கித்தான் இருக்கு. உங்களுக்குப் பெருசா ஒண்ணும் நஷ்டமில்லீங்க."

கூச்சல் எழுந்தது. "பொய்! பொய்!" என்று அட்டைகள் ஆடின. யொன்-ஓக் எழுந்து, ஒலிவாங்கி வைத்திருந்த பெண்ணிடமிருந்து அதை வாங்கிக்கொண்டாள். மேடையோரத்தில் நின்ற பாங் வேண்டாம் என்று கையசைத்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அட்டைய எறக்குங்க. அந்த எண் பொய்யில்ல. இருபத்தேழு வருஷம் சேத்தவ சொல்றேன், இன்னிக்கும் அதே மாதிரிதான் சேக்கறாங்க."

ஆடிக்கொண்டிருந்த அட்டைகள் நின்றன. "விலைபோயிட்டா!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார். அவள் காது மடல் சூடேறியது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"எண்ணு சரிங்கறதாலதான் கேக்கறேன், சார். ஒரு மாசத்து எண்ணக் காட்டறீங்க. எங்களுக்குத் தராம நிறுத்தின நாலு வருஷத்து எண்ணையும் கூட்டிச் சொல்லுங்க."

அதிகாரி தாளைப் புரட்டினார்.

"நான் சொல்றேன். அஞ்சு சதவீதத்துக்கு மேல. சரியா?"

"...சரிதாங்க."

"நிறுத்தம் முடிஞ்சதும் இத சேத்துத் தருவீங்களா? இல்ல, கீழயே விட்டுட்டு அங்கேருந்து ஏத்துவீங்களா?"

அதிகாரி பாங்கைப் பார்த்தார். "சட்டப்படி, விட்டது விட்டதுதாங்க. அதுக்கப்புறம் ஏறுறது மட்டும்தான் சேரும். இத உங்க தலைவருக்கு எழுத்துலயே சொல்லியிருக்கோமே."

ஐந்து வருடம் முடிந்ததும் எல்லாம் மொத்தமாகக் கைக்கு வரும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் உறுதி சொன்னவர் பாங். முந்நூறு தலைகளும் ஒன்றாக அவர் பக்கம் திரும்பின. யாரோ ஒலிவாங்கியை அணைத்தார்கள். சந்தை இரைச்சலுக்கு மேல் விலை கேட்டுப் பழகிய தொண்டைக்கு அது எதற்கு? யொன்-ஓக் உரக்கவே சொன்னாள்:

"விட்டது விட்டதுன்னு நீங்க சொல்லலாம் சார், நாங்க சொல்லல. சாகுற வரைக்கும் மாசாமாசம் அந்த அஞ்சு சதவீதம் கொறஞ்சேதான் வரும். இதத்தான் அட்டையில எழுதணும்!"

முன்வரிசையில் ஒரு முதியவர், ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர், தன் அட்டையைத் திருப்பிப் பிடித்து, வெற்றுப் பக்கத்தில் '5' என்று பெரிதாக எழுதி உயர்த்தினார். பேனா கைக்குக் கை மாறியது.

அடுத்த மாதம் பாங் பதவியிலிருந்து விலகினார். வழியில் பார்த்தால் இன்றுவரை யொன்-ஓக்கிடம் பேசுவதில்லை. சட்டம் மாறவில்லை. 2021 ஜனவரியில் ஓய்வூதியம் அரை சதவீதம் ஏறியது. விட்டுப்போன வருடங்கள் திரும்பி வரவில்லை. சங்கச் செயலாளராகிவிட்ட யொன்-ஓக், அந்த வாரமே நாடாளுமன்றத்துக்கு முதல் மனுவை அனுப்பினாள். 'நாங்கள் ஏற்கவில்லை' என்று தொடங்கும் அதில் இருநூற்றுப் பதினொரு பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். பதில் வரவில்லை. இரண்டாவது மனுவை நேரில் போய்க் கையிலேயே கொடுப்பது என்று முடிவு செய்து, தலைநகருக்கு ஒரு பேருந்தை வாடகைக்குப் பேசினாள்.