இடது பக்கத்து ஷட்டர்

காரின் ஷட்டர் கண்ணாடி எப்போது இறங்கத் தொடங்கியது என்று ஷிராணிக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு பொகவந்தலாவையிலிருந்து டிக்கோயாவுக்குத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. நோர்வுட்டைத் தாண்டிய பிறகுதான் பக்கத்து இருக்கை சொதசொதவென்று நனைந்து கிடப்பதைக் கண்டாள். இடது கதவில் நாலு விரல் அகலத்துக்கு இடைவெளி. ஆறு மாதமாக அந்தப் பக்கம் யாரும் உட்காராததால் திரும்பிப் பார்க்கும் பழக்கமே விட்டுப் போயிருந்தது. வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடியை ஏற்றலாமென்று சுவிட்சை அமுக்கினாள். சத்தமே இல்லை. கதவை ஓங்கிச் சாத்தினாள். கண்ணாடி தடாலென்று கதவுக்குள்ளே போய் விழுந்தது.

தம்பி ஜூட்சன் கட்டாருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன கார் அது. வண்டிக்கு முப்பது வயது இருக்கும். அதில்தான் ஷிராணியும் சுதர்ஷினியும் ஆறு வருடம் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போய் வந்தார்கள். ஷிராணி விஞ்ஞான டீச்சர், சுதர்ஷினி தமிழ் டீச்சர். கோயில் சந்தியில் ஏறியதும் சுதர்ஷினி செருப்பைக் கழற்றிவிட்டு, சாப்பாட்டுப் பொதியை மடியில் வைத்துக்கொள்வாள். ஷிராணி பேச ஆரம்பிப்பாள். பள்ளிக்கூட வாசல் வரும்வரை பேச்சு ஓயாது. தனியாக வாழ்பவளுக்கு ஒரு நாளின் பேச்சு முழுவதும் அந்தக் காருக்குள்தான் நடந்தது.

போன தை மாதம், கணவர் வேலை செய்யும் நுவரெலியாவுக்கே சுதர்ஷினி மாற்றலாகிப் போனாள். செய்தியை ஷிராணிக்கு அவள் சொல்லவில்லை. பள்ளிக்கூட அதிபர்தான் ஆசிரியர் கூட்டத்தில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள், ஷிராணியும் தட்டினாள். பிரியாவிடைக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டாள். அதன் பிறகு சுதர்ஷினி இரண்டு தடவை அழைத்தாள். எடுக்கவில்லை. பிறகு அழைப்பும் நின்றுபோயிற்று.

சனிக்கிழமை காலையில் ஹட்டனில் கார் வயரிங் வேலை பார்க்கும் பாஸுக்குப் போன் போட்டாள்.

"மோட்டர் போயிருக்கும் மிஸ். அடுத்த கெழம கொண்டாங்க, பாப்போம்" என்றார் அவர்.

அளந்து பார்க்காமல் மோட்டாரைக் குற்றம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. பாடத்துக்கென்று வாங்கி வைத்திருந்த மீட்டரையும் கருவிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு மழையோடு மழையாகக் கார் நிற்கும் தகரக் கொட்டகைக்குப் போனாள். கைப்பிடிக்குப் பின்னாலிருந்த திருகாணிகளைக் கழற்றி, கதவின் உள்பலகையை நெம்பி எடுத்தாள். மோட்டாருக்குப் போகும் வயர்களில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மீட்டரின் இரண்டு முனைகளைப் பிடிக்க இரண்டு கை வேண்டும். சுவிட்சை அமுக்க இன்னொரு கை வேண்டும். பின்பக்கத்து பிரேக் லைட்டைச் சரிபார்க்கும்போதெல்லாம் சுதர்ஷினிதான் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்து, "எரியுதா? எரியுதா?" என்று ஊருக்கே கேட்கக் கத்துவாள். ஷிராணி சாவியைத் திருப்பி வைத்துவிட்டு, ஒரு ரப்பர் பட்டையைச் சுற்றி சுவிட்சை அமுங்கியபடி நிறுத்தினாள்.

மீட்டர் பூச்சியம் காட்டியது. கிட்டப் போக முழங்காலால் கதவை லேசாகத் தள்ளினாள். எண் பன்னிரண்டுக்குத் தாவியது. இன்னும் கொஞ்சம் தள்ளினாள், மறுபடி பூச்சியம். மோட்டாரில் பிழையில்லை. கதவும் வண்டியும் சேரும் இடத்தில், வயர்களை மூடியிருக்கும் ரப்பர் குழாய்க்குள் ஏதோ ஒன்று அறுந்திருக்கிறது.

பேட்டரியைக் கழற்றிவிட்டு ரப்பரை இழுத்துப் பார்த்தாள். பச்சை வயர் துண்டாகியிருந்தது. சிவப்பு ஒரே ஒரு நூலில் தொங்கியது. கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் மடங்கி மடங்கி இற்றுப்போயிருக்கிறது. அவளுக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை, ஆறு வருடம். ஐயாயிரம் தடவையாவது சுதர்ஷினி இந்தக் கதவைத் திறந்து மூடியிருப்பாள்.

புது வயர்த் துண்டு வைத்து இரண்டையும் இணைத்து, தனித்தனியாக டேப் சுற்றினாள். அதுவரை எல்லாம் நன்றாகவே நடந்தது. கண்ணாடிதான் படுத்தியது. அதைத் தாங்கும் தகட்டின் போல்ட்டுகள் இரண்டும் கழன்றிருந்தன. ஒருவர் கண்ணாடியைத் தூக்கிப் பிடிக்க, ஒருவர் முடுக்க வேண்டும். டேப் போட்டு ஒட்டிப் பார்த்தாள். ஈரத்தில் டேப் பிடிக்கவில்லை. இரண்டாம் தடவை வழுக்கிய கண்ணாடி அவள் விரலை நசுக்கிக்கொண்டு இறங்கியது.

விரலை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கல்லில் உட்கார்ந்திருந்தாள். பிறகு போனை எடுத்து அழைத்தாள்.

"அக்கா?" சுதர்ஷினியின் குரல் பதறியது. "என்னக்கா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல. காரு ஷட்டர் கழண்டு விழுந்திருச்சு. புடிக்க ஆளில்ல."

"எந்தப் பக்கம்?"

"ஒம் பக்கம்."

சுதர்ஷினி அங்கே அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா, மாத்தல் கெடச்சதச் சொல்லணும்னுதான் தெனமும் கார்ல ஏறுவேன். ஏறுனதும் நீங்க சந்தோசமா பேச ஆரம்பிச்சிருவீங்க. நானும் போயிட்டா ஒங்களுக்கு யாரு இருக்கான்னு நெனப்பேன், வாய் வராது. மூணு மாசம் அப்பிடியே போயிருச்சு."

"என்னயப் பாவம் பாத்தியா?"

சுதர்ஷினி மழுப்பியிருக்கலாம். மழுப்பவில்லை.

"ஆமாக்கா."

ஷிராணிக்குச் சுருக்கென்றது. ஆனால் கோபப்பட முடியவில்லை. சொன்னது உண்மைதானே.

"கண்ணாடிக்கு ஏதாச்சும் முட்டுக் குடுத்துப் பாருங்களேன். ஒங்க பைல அடிமட்டம் கெடக்குமே" என்றாள் சுதர்ஷினி.

கிடந்தது. போனைக் காரின் கூரை மேல் வைத்துவிட்டு, கோடு போடும் மர அடிமட்டங்கள் இரண்டைக் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் இறுக்கிச் செருகினாள். கண்ணாடி நின்றது. போல்ட்டுகளை முடுக்கி, அடிமட்டங்களை உருவி, பேட்டரியை மாட்டினாள். சாவியைத் திருப்பி சுவிட்சை அமுக்கியதும் கண்ணாடி முனகிக்கொண்டே மேலே ஏறியது.

"கேக்குதுக்கா! மேல போயிருச்சா?"

"போயிருச்சு."

இருவரும் சிரித்தார்கள். ஷிராணி கண்ணாடியை இன்னொரு தடவை இறக்கி ஏற்றினாள்.

"மாமி கூப்புடுறாங்கக்கா. அப்புறம் கோல் எடுக்கிறேன்."

"எடு."

உள்பலகையைத் திரும்ப மாட்டி முடிக்கும்போது மழை விட்டிருந்தது. சாப்பிட உட்கார்ந்தபோது, வயர் அறுந்த இடத்தைக் கண்டுபிடித்த விதத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. போனைப் பார்த்தாள். ஜூட்சன் இந்நேரம் வேலையில் இருப்பான். ஞாயிற்றுக்கிழமையும் சுதர்ஷினியிடமிருந்து அழைப்பு வரவில்லை.

திங்கள் காலை நோர்வுட் பஸ் நிறுத்தத்தில், பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தனுஷிகா டீச்சர் நின்றுகொண்டிருந்தாள். ஷிராணி வண்டியை நிறுத்தினாள்.

"ஏறுங்களேன், ஒண்ணாப் போயிரலாம்."

"பரவால்ல மிஸ்," தனுஷிகா கூச்சத்தோடு சிரித்தாள். "பஸ்ல எங்க செட் எல்லாம் வருவாங்க. எனக்கு சீட்டுப் புடிச்சு வச்சிருப்பாங்க."

"சரி, சரி" என்றாள் ஷிராணி. அடுத்த கொண்டை ஊசி வளைவில் பஸ் பின்னாலிருந்து ஹோர்ன் அடித்தது. ஓரத்தில் ஒதுங்கி வழிவிட்டாள். தனுஷிகா ஜன்னலோரத்திலிருந்து கை காட்டினாள். ஷிராணியும் கை காட்டிவிட்டு, பஸ்ஸின் புகை அடங்கும்வரை நின்று, பிறகு வண்டியை எடுத்தாள்.