பத்தாவது பெயருக்கு உயரம் இல்லை

"விருந்தாளி எண்டுதான் சிஞ்ஞோரா சொன்னவ, எமிலியானா, நான் என்ன பொய்யே..."

"விருந்தாளியாம்! பின்பக்கத்திலை பஞ்சு வைச்சுத் தைச்ச காற்சட்டையோடை ஆரப்பா விருந்துக்குப் போறது..."

"அது சைக்கிள் காற்சட்டை! எல்லாரும் அதைத்தான்..."

"கழட்டிப்போட்டு வந்து கதையுங்கோ. நான் கோவப்பட வேணும், உங்களைப் பாக்கச் சிரிப்பெல்லோ வருது."

இத்தாலியில், ஒரேத்தோத் தெருவில் நாலாம் மாடி வீடு. யூலை வெக்கைக்கு யன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. வலன்ரைன் பல்கனியில் நின்றபடி மனைவியோடு கத்தியதால், எதிர்வீட்டுக்காரருக்குத் தமிழ் விளங்காவிட்டாலும் காற்சட்டை விளங்கியிருக்கும்.

வலன்ரைன் பதினெட்டு வருடமாக பணக்காரர் குடியிருக்கும் லிபெர்த்தாவில் ஒரு சிஞ்ஞோரா, இத்தாலிய எசமானியம்மா, வீட்டில் வேலை செய்கிறார். சமையல், கடைக்குப் போவது, கார் ஓட்டுவது, சிஞ்ஞோராவின் தாயாரைத் தூக்கி இருத்துவது எல்லாம் அவர்தான். அந்தச் சிஞ்ஞோராவும் சிநேகிதர்களுமாக ஒன்பது பேர் ஒஸ்திரியாவுக்குப் போகிறார்கள். டானூப் ஆற்றங்கரை வழியே, திராட்சைத் தோட்டங்களுக்குள்ளால், ஆறு நாள் சைக்கிள் பயணம். பகலில் மிதிப்பது, பின்னேரம் வைன் சுவைப்பது. "நீயும் வா வலன்ரீனோ, நீ எங்கட குடும்பமெல்லோ" என்று மே மாதம் சிஞ்ஞோரா சொன்னார். அடுத்த ஞாயிறே பூசை முடிந்த கையோடு வலன்ரைன் கோயில் வாசலில் செய்தியை அறிவித்துவிட்டார். பிறகு இரண்டு ஞாயிறு மொண்டெல்லோக் கடற்கரையில் வாடகைச் சைக்கிளில் பழகினார். ஒரு ஐஸ்கிறீம் வண்டியில் மோதியதையும் பழக்கத்தோடுதான் சேர்க்கவேண்டும்.

முந்தாநாள்தான் சிக்கல் வந்தது. மகள் றம்யாவுக்குப் பல்கலைக்கழகம் திகதி கொடுத்தது. ஆய்வேட்டைச் சபை முன் பேசிப் பட்டம் வாங்கும் நாள், அடுத்த வியாழக்கிழமை. சைக்கிள் பயணத்தின் நாலாம் நாள்.

"பிள்ளை பட்டம் வாங்கி, தலையிலை இலைமாலையோடை நிப்பாள். தேப்பன் ஆத்தங்கரையிலை நிண்டு வைனை மணந்து பாப்பார்."

"குடுத்த வாக்கை எப்பிடியப்பா மாத்திறது?"

"ஆருக்குக் குடுத்த வாக்கு? சிஞ்ஞோராவுக்கோ, கோயில் வாசலுக்கோ? அங்கை நிண்டு கேட்ட அகஸ்ரின் என்ன சொல்லுவான் எண்ட பயம்தானே?"

"அகஸ்ரினுக்குச் சைக்கிளே ஓடத் தெரியாது!"

"உங்களுக்கும்தான். ஐஸ்கிறீம்காரனைக் கேளுங்கோ."

பக்கத்தில் இருந்த றம்யா, தகப்பனின் போனைக் கையில் எடுத்தாள். பயண ஏற்பாட்டாளர் அனுப்பிய கடதாசி அதில் இருந்தது. கோயிலில் எல்லாருக்கும் அவர் காட்டியது அதன் மேற்பகுதியை, ஆற்றின் படத்தை.

"அப்பா, இதை முழுக்க வாசிச்சனீங்களோ?"

"என்ர பேர் இருக்கெல்லோ."

"இருக்கு, பத்தாவதா. மற்ற ஒம்பது பேருக்கும் பக்கத்திலை ஒரு நம்பர் கிடக்கு. நூற்றி எழுபத்திரண்டு, நூற்றி அறுபத்தொண்டு..."

"சைக்கிள் நம்பராக்கும்."

"உயரம், அப்பா. ஆளின்ர உயரத்தைப் பாத்துத்தான் சைக்கிள் ஒதுக்குவினம். உங்களுக்கு நம்பர் இல்லை. சாமான் வான் எண்டு போட்டிருக்கு."

எமிலியானா சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்.

"பெட்டி ஏத்தி இறக்கிற விருந்தாளி" என்றார்.

"பிழையா எழுதிப்போட்டாங்கள்" என்றார் வலன்ரைன். மனைவியும் கேட்கட்டும் என்று போனின் சத்தத்தைக் கூட்டிவைத்து, சிஞ்ஞோராவை அழைத்து, தன் மிகப் பணிவான இத்தாலியனில் கேட்டார்.

"சிஞ்ஞோரா, ஒரு சின்ன விசயம். எனக்கு எந்தச் சைக்கிள்?"

போன் கலகலவென்று சிரித்தது.

"உனக்கு எதுக்குச் சைக்கிள், வலன்ரீனோ? நாங்கள் வேர்த்து விறுவிறுத்து மிதிப்பம். நீ ஏசி வானிலை எங்கட பெட்டிகளோடை ராசா மாதிரிப் போவாய்!"

"பின்னேரம் வைன்..."

"வான் ஓடுறவன் குடிக்கலாமோ? ஒரு போத்தல் வாங்கித் தாறம், வீட்டிலை வைச்சுக் குடி. ஆ, அந்த ஆறு நாளையும் உன்ர லீவிலை எழுதிட்டன். உனக்கும் விடுமுறைதானே!"

எமிலியானா வாயைத் திறக்க, றம்யா தாயின் கையைப் பிடித்தாள்.

"வியாழக்கிழமை என்ர மகள் பட்டம் வாங்கிறாள், சிஞ்ஞோரா."

"பிராவா! எவ்வளவு சந்தோசம்! வீடியோவிலை பாப்பம். நாங்கள் எல்லாரும் அவளுக்காகக் கிளாஸ் தூக்குவம். நீயும் வானை ஒரு ஓரமா நிப்பாட்டிப்போட்டுப் பார்."

றம்யா போனைப் பார்க்கவில்லை. "பறவாயில்லை அப்பா, அம்மா வருவாதானே" என்று மெல்லச் சொன்னாள்.

பதினெட்டு வருடமாக அந்தக் குரலுக்கு வலன்ரைன் சொல்லி வந்தது ஒரே பதில்: சரி, சிஞ்ஞோரா. அதுதான் வரப்போகிறது என்று எமிலியானா உதட்டைச் சுழித்துக்கொண்டு நின்றார். வலன்ரைனின் வாயும் அதற்குத்தான் திறந்தது.

"சிஞ்ஞோரா, அப்ப, நான் இஞ்சை மகளோடை நிக்க, உங்கட ஒம்பது பேரிலை ஆர் வான் ஓடுறது?"