பெட்டிக்கு ஒரு சீட்

அப்பா லிஃப்ட் மெக்கானிக். மேலே போவது, கீழே வருவது, நடுவில் நின்றுபோவது என்பதைத் தவிர வாழ்க்கையில் வேறு திசையே பார்க்காதவர். அப்படிப்பட்டவருக்கு ஐம்பதை நெருங்கும் வயதில் பக்கவாட்டில் போக ஆசை வந்துவிட்டது. அதுவும் ஊரார் போவதுபோல் இல்லை. தார்ச்சாலை முடிகிற இடம்வரை போய், அங்கிருந்து சாலையே இல்லாத வழியில் மலையைச் சுற்றி, அந்தப் பக்கத்து ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்க வேண்டுமாம். குடும்பத்தோடு. குடும்பம் என்ன பாவம் செய்தது என்று யாரும் கேட்கவில்லை.

ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டி அலுத்து விற்ற ஜீப் ஒன்று வாசலுக்கு வந்தது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்குமாம். முன்னால் இரண்டு பேர், நடுவில் மூன்று பேர், கடைசியில் சாமான் வைக்கிற இடத்தில் ஒரு மடக்கு சீட். ஆக ஆறு. வீட்டிலும் ஆறு பேர். கணக்கு அவ்வளவு சரியாகப் பொருந்தியபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அந்த ஆறு பேரில் முதல் ஆள் மாடியில் குடியிருக்கும் அத்தை, அப்பாவின் அக்கா. அடுத்து அவள் கணவர், அதாவது மாமா. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். எந்த வண்டியைப் பார்த்தாலும் அது கவிழ்ந்து கிடக்கிற காட்சிதான் அவருக்கு முதலில் தெரியும். பிறகு அண்ணன், கல்லூரியில் படிப்பதாகச் சொல்லப்படுகிறவன். உண்மையில் அவன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தன்னையே படமெடுப்பதைத்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம். அம்மா வீட்டிலேயே ஜன்னல் திரை தைத்துக் கொடுக்கிறாள். எந்நேரமும் உதட்டில் நாலைந்து குண்டூசி இருப்பதால் அவளுடைய கருத்துகள் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும். அப்பாவைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன். மிச்சம் நான்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுந்து நின்று சத்தமாக வாசி என்றால் எனக்குக் குரல் வராது. வராத குரலுக்காக வகுப்பே காத்திருந்து சிரிக்கும். ஒருநாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, பிறகு போகாமலிருப்பதே பழகிவிட்டது. அதிலிருந்து எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் என்னிடம் கேட்க ஒரே கேள்விதான்: "என்ன படிக்கிற?" அதற்குப் பயந்து தெருமுனைக் கடைக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டேன். "ஏரிக்கரையில ஒரு மனுஷன் கிடையாது, தெரியுமா?" என்று அப்பா பெருமையாகச் சொன்னபோது மற்றவர்கள் முகம் வாடியது. எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. மனுஷன் இல்லையென்றால் அந்தக் கேள்வியும் இல்லை. கடைசியில் இருக்கும் அந்த மடக்கு சீட் போதும், கால் மரத்தாலும் பரவாயில்லை, எப்படியாவது அங்கே போய்விட வேண்டும் என்று இருந்தது.

திட்டமிடல் ஹாலில் தொடங்கியது. அப்பாவுக்கு எல்லாமே லோடு.

"மொத்த லோடு தெரியாம ஒரு அடி நகரக் கூடாது. லிஃப்ட்டா இருந்தா என்ன, ஜீப்பா இருந்தா என்ன?" என்று எடை பார்க்கும் மெஷினைக் கொண்டுவந்து நடு ஹாலில் வைத்தார். அத்தை ஏறும்போது எல்லோரும் சுவரைப் பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தமானது. பார்த்தோம். மெஷின் மட்டும் பார்த்தது.

அடுத்து கூடாரம். வெளியில் போய் அசிங்கப்படுவதற்குப் பதிலாக வீட்டுக்குள்ளேயே பழகிக்கொள்ளலாம் என்று சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஹாலிலேயே அடித்தார்கள். முழுசாக எழுந்து நின்றபோது அது சமையலறைக் கதவை அடைத்துக்கொண்டது. உள்ளே போன மாமாவுக்கு ஜிப் எந்தப் பக்கம் என்று மறந்துவிட்டது.

"தீப்பிடிச்சா என்ன கதி? சொல்லுங்க, தீப்பிடிச்சா என்ன கதி?" என்று துணி முழுக்கத் தடவிக்கொண்டே உள்ளிருந்து கேட்டார்.

"பாலிசி எடுத்திருக்கீங்கல்ல, அப்புறமென்ன?" என்றாள் அத்தை. பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "ஏன்டா, அங்க பாத்ரூம் எந்தப் பக்கம்?"

"எல்லாப் பக்கமும்க்கா."

அத்தை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அன்று முழுவதும் அவளிடம் யாரும் ஏரியைப் பற்றிப் பேசவில்லை.

இப்படியே நாற்காலி, அடுப்பு, மண்வெட்டி, இழுவைக் கயிறு என்று சாமான்கள் வர வர எல்லாம் ஜீப்பின் தலைமேல் ஏறின. நான் தினமும் போய் மடக்கு சீட்டை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன். காலியாக இருந்தது. அப்போதுதான் அண்ணன் குளிர்பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தான். ஜீப் பேட்டரியில் ஓடுமாம். சோடாவைக் காட்டுக்குள்ளும் ஜில்லென்று வைத்திருக்குமாம்.

"இதை எங்கடா வைக்கிறது?" என்றார் அப்பா.

"பின்னாடிதான் பிளக் இருக்கு. அந்த மடக்கு சீட்ட மடக்கிட்டா கச்சிதமா உக்காரும்."

எனக்கென்று மிச்சமிருந்த சீட் அது என்பதால் அப்பா தலையைச் சொறிந்தார். பிறகு அத்தைதான் வழி கண்டுபிடித்தாள்.

"நல்லதாப் போச்சு. வீட்டப் பாத்துக்க ஒரு ஆள் வேணாமா? திரை வாங்க வர்றவங்களுக்கு யாரு எடுத்துக் குடுக்குறது? இவ இருக்கட்டும். இவளுக்கென்ன, லீவா போடணும்?"

லீவு போட வேண்டியவர்களுக்குத்தான் ஊர் சுற்றும் தகுதி உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அப்பா பெட்டியைத் தூக்கி மெஷினில் வைத்துப் பார்த்தார். பாட்டில்களை நிரப்பி மறுபடி பார்த்தார்.

"ஏறக்குறைய இவ எடைதான் வருது. லோடு மாறல" என்றார் நிம்மதியாக.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்து "ம்ம்ம்" என்றாள். அது சம்மதமா, எதிர்ப்பா, குண்டூசியா என்று தெரியவில்லை. அவர்கள் ஏரிக்கரையில் சோடா குடித்துக்கொண்டிருக்கும்போது, திரை வாங்க வருகிற ஒவ்வொருவரும் வாசலில் நின்று சாவகாசமாக என்னைக் கேட்கப் போகிறார்கள், என்ன படிக்கிற என்று.

புறப்படுவதற்கு முன் ஒருநாள் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும் என்று மாமா பிடிவாதம் பிடித்தார். ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றில் புதியவர்களுக்கு மேடு பள்ளத்தில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறார்களாம். பயணத்தில் இருக்கப்போகிற அதே லோடோடு வரச் சொன்னதால் பெட்டியும் பயிற்சிக்குக் கிளம்பியது. சிக்கிக்கொண்டால் தள்ளுவதற்கு ஆள் வேண்டும் என்பதால் நானும் கிளம்பினேன். என் சீட் இருந்த இடத்தில் பெட்டி ஜம்மென்று பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. பெட்டிக்கும் கதவுக்கும் இடையில் முழங்காலை மோவாய்க்குக் கொடுத்துக்கொண்டு நான் தரையில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் அது என் காதருகே முனகிக்கொண்டே வந்தது. வெற்றி பெற்றவர்கள் முனகக் கூடாது என்று சொல்ல நினைத்தேன்.

குவாரியில் எங்களுக்குக் கிடைத்த பயிற்சிக்காரம்மா குட்டையாக, தொப்பி போட்டுக்கொண்டு, கழுத்தில் விசிலோடு இருந்தார். எடுத்த எடுப்பில் டயரிலிருந்து கொஞ்சம் காற்றை இறக்கச் சொன்னார்.

"இறக்கவா? வர்ற வழியில இப்பதானே ஃபுல்லா அடிச்சோம்!" என்று மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"மணல்ல டயர் கொஞ்சம் தொளதொளன்னு இருந்தாதான் சார் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு அவரே குனிந்து இறக்கினார். பிறகு பாதையைக் காட்டினார். ஒரு மேடு, மேட்டின் மேல் இரண்டு பெரிய கற்களுக்கு நடுவே ஒரு சந்து, அதைத் தாண்டியதும் சரேலென்று இறங்கும் சரிவு. "மேட்டு உச்சிக்கு வந்தா டிரைவருக்கு பானெட்டும் வானமும்தான் தெரியும். தரை தெரியாது. அதனால ஒருத்தர் இறங்கி முன்னாடி நின்னு கையால வழி காட்டணும். ஒருத்தர்தான். மத்தவங்க வாயே திறக்கக் கூடாது. டிரைவர் அந்தக் கையை மட்டும் பாக்கணும். கையை மூடிக் காட்டுனா நிக்கணும். ஏன், எதுக்குன்னு கேக்கக் கூடாது. கை திறக்குற வரைக்கும் பிரேக்லேர்ந்து காலை எடுக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

எல்லோரும் புரிந்தது என்றார்கள். ஒரே நேரத்தில்.

முதலில் மாமா இறங்கினார். இறந்துபோனவர் குடும்பத்துக்கு ஆறுதல் சொல்வதுபோல் இரண்டு கையையும் விரித்து விரித்துக் காட்டினார். "இடது, மாப்ள, இடது!" என்று வேறு கத்தினார்.

"யாரோட இடது அத்தான்?"

"என்னோட இடது!"

"அவருக்கு எப்பவுமே அவரோடதுதான்" என்றாள் அத்தை. அதற்குள் முன்சக்கரம் கல்லில் மோதி ஜீப் ஒரு குலுங்கு குலுங்கியது.

அடுத்து அத்தை. அவள் பந்திக்குக் கூப்பிடுவதுபோல் வா வா என்று மட்டும்தான் காட்டினாள். எந்தப் பக்கம் என்பதை அப்பாவின் இஷ்டத்துக்கு விட்டுவிட்டாள். அதற்கடுத்து அண்ணன், ஒரு கையில் போன், ஒரு கையில் வழி. உள்ளேயிருந்து மாமா "ரைட்ல ஒடி" என்றார், அத்தை "நேரா விடுடா" என்றாள், அம்மாகூட "பாத்து, பாத்து" என்றாள். அன்றைக்கு அவள் வாயில் குண்டூசி இல்லை. அப்பா நாலு பேர் சொன்னதையும் கேட்க முயன்றார். நான் மட்டும்தான் எதுவும் சொல்லவில்லை. ஜீப் மெதுவாகப் பக்கத்துப் பள்ளத்தில் இறங்கி, சாய்ந்து, நின்றது.

பயிற்சிக்காரம்மா தன் வண்டியில் கயிறு கட்டி எங்களை வெளியே இழுத்தார். கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். "நான் ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. உங்க குடும்பத்துல பேசாத ஆள்னு யாராவது இருக்காங்களா?"

வாழ்நாளில் முதல்முறையாக எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். பெட்டிக்குப் பின்னால்.

இறங்கியபோது கால் மரத்திருந்தது. பயிற்சிக்காரம்மா என்ன படிக்கிறாய் என்று கேட்கவில்லை. கையைப் பிடித்துச் சைகைகளைச் சொல்லிக்கொடுத்தார். "சக்கரம் எந்தப் பக்கம் திரும்பணுமோ அந்தப் பக்கம் கையை நீட்டு. வரணும்னா ரெண்டு உள்ளங்கையும் உன் பக்கம் காட்டி அசை. நேர் முன்னாடி நிக்காத, கொஞ்சம் ஒதுங்கி நில்லு. அவ்வளவுதான்."

நான் ஒதுங்கி நின்று கையை நீட்டினேன். அப்பா பார்த்தார். ஜீப் திரும்பியது. மறுபக்கம் நீட்டினேன். மறுபக்கம் திரும்பியது. இரண்டு கற்களுக்கும் நடுவே, சக்கரம் உரசாமல், ஒரு பெரிய மாடு சந்துக்குள் வருவதுபோல் வந்தது. அப்பா இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் அவர் சேர்ந்தாற்போல் பார்த்தது இதற்குமுன் பழுதான மோட்டார்களை மட்டும்தான்.

நான் முன்னால் இறங்கிப் போய் நிற்க, மேட்டைத் தாண்டி ஜீப் சரிவில் மூக்கைக் கவிழ்த்தது. உள்ளே எல்லோரும் பெல்ட்டில் தொங்கினார்கள். அத்தை முன்சீட்டின் தலையைக் கட்டிப் பிடித்திருந்தாள். பாதிச் சரிவு வந்ததும் நான் கையை மூடினேன்.

ஜீப் நின்றது.

"என்னாச்சு?" என்றார் மாமா. "கல்லா? பள்ளமா? கவுறப்போகுதா?"

"தெரியல அத்தான். நிக்கச் சொல்றா."

"ஏன்னு கேளுடா!" என்றாள் அத்தை.

"கேக்கக் கூடாதுன்னு மேடம் சொல்லிருக்காங்கக்கா."

கல் இல்லை, பள்ளம் இல்லை. மூடிய கையை அப்படியே வைத்துக்கொண்டு, மற்ற கையால் ஜீப்பின் கடைசியைக் காட்டினேன். பிறகு வெளியே, மேட்டுப் பக்கம் காட்டினேன். பிறகு என்னைக் காட்டினேன்.

"என்ன சொல்றா? டயரா?" என்றார் அப்பா.

"டயர் இல்ல" என்றாள் அம்மா. "பெட்டியை இறக்கச் சொல்றா. அந்த இடம் அவளோடதாம்."

"அதெப்படி? பிளக் அங்கதானே இருக்கு!" என்று அண்ணன் பதறினான். "மேல கட்டுனா கனெக்‌ஷன் கிடையாது."

"அப்ப நீ மேல உக்காரு. உனக்குக் கனெக்‌ஷன் வேணாம்ல?"

இத்தனை வருஷமாகக் குண்டூசிக்குப் பின்னால் என்னென்ன இருந்தது என்று கொஞ்சம் தெரிந்தது.

"அப்ப வீட்டை யாரு பாத்துக்கறது?" என்று அத்தை தொங்கிக்கொண்டே கேட்டாள்.

"பூட்டு பாத்துக்கும் அண்ணி. திரை வாங்கறவங்களை நான் அப்புறம் வரச் சொல்லிக்கறேன்."

அப்பா உதவிக்குப் பயிற்சிக்காரம்மாவைப் பார்த்தார். அவர் ஒரு டயரை மிகுந்த ஆர்வத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். "என்னைப் பாக்காதீங்க சார். கையைப் பாருங்க."

"சரிம்மா, சரி. பெட்டி வரல" என்றார் அப்பா. "எனக்குக் காலு வலிக்குது. கையைத் திற."

நான் திறக்கவில்லை. இந்த வீட்டில் சொல்வதெல்லாம் நடப்பதாக இருந்தால் ஏரிக்கு எப்போதோ போயிருப்போம்.

அப்பா கண்ணாடியில் பார்த்தார். "டேய், இறங்கு. போய்த் தூக்கு."

அண்ணன் இறங்கினான். சரிவில் வழுக்கி வழுக்கிப் பின்கதவைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி, பிளக்கைப் பிடுங்கி, பாட்டில்கள் கலகலக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடேறினான். போன் பையிலேயே இருந்தது. இதைப் படமெடுக்க அவனுக்குத் தோன்றவில்லை. அவன் பெட்டியைக் கீழே வைத்ததைப் பார்த்த பிறகு நான் கையைத் திறந்து, இரண்டு உள்ளங்கையையும் என் பக்கம் அசைத்தேன். ஜீப் பூனைபோல் இறங்கி வந்தது. உள்ளே ஒருவரும் பேசவில்லை.

வீடு திரும்பும்போது நான் மடக்கு சீட்டில் உட்கார்ந்தேன். பெட்டி அண்ணன் மடியில் வந்தது. கால் மரக்கிறது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்.

நாளைக் காலையில் ஏரிக்குக் கிளம்புகிறோம். கூடாரமும் அடுப்பும் மேலே கட்டியாயிற்று. அத்தை இரண்டு முறை பாத்ரூம் போய்விட்டு வந்து இன்னொரு முறை போயிருக்கிறாள். பெட்டியை ஹாலில் ஜன்னலுக்குக் கீழே வைத்திருக்கிறோம். நாங்கள் வரும்வரை அது வீட்டைப் பார்த்துக்கொள்ளும். அதற்கென்ன, லீவா போடணும்?