சிவப்புத் துணி கட்டிய கை

சனிக்கிழமை இரவு ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் என் வலது தோள் என்னுடையதாக இருக்காது. காய்ச்சிய இரும்பை அடிக்கும் இரண்டு டன் இயந்திரச் சம்மட்டி எட்டு மணி நேரம் தரையைக் குலுக்கும். அதன் அடியில், இரும்புக்கு வடிவம் தரும் அச்சை, டையை, பூட்டிக் கழற்றுகிற வேலை எனக்கு. காலையில் டீ டம்ளரைத் தூக்கினால் கை நடுங்கிச் சட்டையில் சிந்தும். அந்தக் கையோடுதான் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பொம்மை விமானத்துக்கு எஞ்சின் சரி பண்ணப் போனேன். தூங்கியிருக்கலாம்.

எண்பத்தொன்பதாம் வருஷம் அது. அம்பத்தூரில் ஒன்றாகப் பத்தாவது படித்த மூன்று பேர் நாங்கள். லோகநாதனின் அப்பா ஆவடித் தொழிற்சாலையில் அதிகாரி. விமானமும் அதை ஓட்டும் ரேடியோ பெட்டியும் சிங்கப்பூர் மாமா வாங்கிக் கொடுத்தவை. பக்தவத்சலத்துக்குப் பூந்தமல்லியில் பீரோ கடை. விமானத்தை ஏற்றிவரும் வேன் அவனுடையது. கலியமூர்த்தி ஆகிய என்னிடம் இருந்தது ஒரு ஸ்பேனர் செட்.

மேனாம்பேடு தாண்டி வற்றிப்போன ஏரிதான் மைதானம். லோகநாதன் தொப்பி, கறுப்புக் கண்ணாடியோடு இறங்குவான். கழுத்தில் வார் போட்டுப் பெட்டியைத் தொங்கவிட்டு, அதிலிருந்து ஆள் நீளத்துக்கு ஏரியல் கம்பியை இழுப்பான். நாட்டின் வான் எல்லை அவனை நம்பித்தான் இருக்கிறது என்பது மாதிரி நிற்பான். எஞ்சினில் எண்ணெயைக் கூட்டிக் குறைக்கும் ஊசித் திருகை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது அவனுக்குக் கடைசிவரை தெரியாது.

அது எனக்குத் தெரியும். ஸ்பிரிட்டில் விளக்கெண்ணெய் கலந்து ஊற்றி, விசிறியை விரலால் தட்டிக் கிளப்பி, சத்தம் உச்சத்துக்குப் போகும்வரை திருகை மூடுவேன். பிறகு விமானத்தின் மூக்கை வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடிப்பேன். அப்போது சத்தம் இளைத்தால் மேலே போனதும் எஞ்சின் நின்றுவிடும். அப்படியானால் திருகைக் கால் திருப்பு திறந்துவிட வேண்டும். அந்தக் கால் திருப்புக்காகத்தான் என்னை மச்சான் என்றார்கள்.

“ஒரு நாள் முழுக்க நிக்காம ஓடட்டும் மச்சான். அடுத்த ரவுண்டு உன் கைல” என்று லோகநாதன் ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு அது வேண்டும். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. முப்பது வயதில், இரும்பு தின்ற கையை வைத்துக்கொண்டு, அந்தப் பெட்டியை ஒரே ஒரு தரம் பிடிக்க நாய் மாதிரி காத்துக் கிடந்தேன்.

நடுவில் பக்தவத்சலமும் தனக்கென்று ஒரு விமானம், பெட்டி வாங்கினான். இரண்டு பெட்டிக்கும் அலைவரிசை எண் ஒன்றாக இருந்தால், ஒன்று ஓடும்போது மற்றதைப் போடக் கூடாது. போட்டால் விமானம் யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் விழும். “வேற நம்பர் பாத்து வாங்குடா” என்றேன்.

“லோகு வெச்சிகிறது இன்னா நம்பரோ அதான் எனுக்கும் வோணும். அவன் இன்னா ஒசத்தியா?” என்றான். அதே எண்ணைத் தேடி வாங்கிவந்தான். பீரோ விற்கிறவன் புத்தி அவ்வளவுதான்.

அதனால் ஒரு வழக்கம் வைத்தோம். ஒரே ஒரு சிவப்புத் துணி. அதை யார் மணிக்கட்டில் கட்டியிருக்கிறாரோ அவர் மட்டும் பெட்டியைப் போடலாம். சுவிட்சைத் தொடுமுன் துணி யார் கையில் என்று பார்க்க வேண்டும். நாலு மாதம் ஒரு தவறும் நடக்கவில்லை. துணி லோகநாதன் கையிலோ பக்தவத்சலம் கையிலோதான் இருந்தது.

அந்த ஞாயிறு எஞ்சின் காலையிலிருந்து நிற்கவில்லை. ஐந்து தரம் ஏறி ஐந்து தரமும் ஒழுங்காக இறங்கியது. லோகநாதனுக்குத் தப்பிக்க வழியில்லை. துணியை அவிழ்த்து என் கையில் கட்டினான்.

“பாத்துடா. உன் சம்மட்டி மாதிரி இல்ல இது. பூ மாதிரி தொடணும்.”

பக்கத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்த பொன்னியம்மா நிமிர்ந்தாள். “இன்னா நைனா, இன்னிக்கி நீ ஓட்டப் போறியா? மூணு தடிப் பசங்க கூடிக்கினு ஈ ஓட்றீங்க. ஊட்ல வேலவெட்டி இல்லியா?”

“உன் மாட்டு மேல உடமாட்டேன், பயப்படாத” என்றேன்.

ஓடவிட்டுத் தூக்கினேன். ஏறியது. கொஞ்சம் மூக்கு தூக்கியே போனது. பெட்டியின் ஓரத்துச் சின்ன நெம்புகோலை இரண்டு பல் இறக்கினேன், சமமானது. இடது பக்கம் பெரிதாக ஒரு வட்டம். தோள் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. இரண்டாவது வட்டத்தில் அது திரும்பி என்னை நோக்கி வந்தது. ஒரு நிமிஷம் இருக்கும், அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது.

திடீரென்று இறக்கை துடித்தது. நான் தொடவே இல்லை. வலது பக்கம் கவிழ்ந்து மூக்கைக் குத்தியது. நான் பெட்டியின் குச்சியை இழுக்கிறேன், அது கேட்கவில்லை. தரைக்கு ஒரு பனை உயரத்தில் மறுபடி என் சொல்லைக் கேட்டு லேசாக நிமிர்ந்தது. அதற்குள் மண்ணில் மோதிச் சிதறிவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். வேன் அருகில் பக்தவத்சலம், மஞ்சள் சட்டையில், நசரத்பேட்டையிலிருந்து வந்திருந்த மச்சினனுக்குப் பக்கத்தில் நின்றான். அவன் பெட்டி கையில் இருந்தது. ஏரியல் கம்பியை அவசரமாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான்.

“நீ போட்டியாடா?” என்று கத்தினேன்.

“எத்த? நா சும்மா மச்சானுக்குக் காட்டிகினு இருந்தேன்பா. சுட்ச்சே போடல.”

“துணி யார் கைல கீதுன்னு பாத்தியா?”

“லோகு கைய பாத்தேன். துணி இல்ல. அப்போ யாரும் ஓட்டலன்னு...” சொல்லிக்கொண்டே வந்தவன் வாயை மூடினான்.

அவன் லோகநாதன் கையைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். துணி கட்டக்கூடிய மூன்றாவது கை ஒன்று அந்த ஏரியில் இருப்பது அவன் மண்டையில் ஏறவில்லை. சிங்கப்பூர் மாமாவும் பீரோ கடையும் இல்லாதவனுக்கு மணிக்கட்டு எதற்கு?

லோகநாதன் நொறுங்கிய மூக்கைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான். “உன்னை நோக்கி வர்றப்போ இடது வலது மாறும் கலியா. எல்லாரும் பண்ற தப்புதான். குழம்பிட்ட.”

“நானா? பதினோரு வருசமா டை பூட்றேன். டைல இடதுல வெட்னா அடிச்ச துண்டுல வலதுல வரும். எனுக்கு இடது வலது நீ சொல்லித் தர்றியா?”

பொன்னியம்மா அரிவாளோடு எழுந்து நின்றாள். “இன்னாத்துக்கு அந்தப் புள்ளைய வையறீங்க? அந்த மஞ்ச சொக்காக்காரந்தான் கம்பிய நீட்டிக்கினு அதுல இன்னாமோ நோண்டிகினு இருந்தான். நா பாத்துகினுதான இருந்தேன்.”

“நீ போய் புல்ல அறு ஆயா. இதெல்லாம் ரேடியோ சமாச்சாரம்” என்றான் பக்தவத்சலம். மச்சினன் சிரித்தான்.

லோகநாதன் அவளையும் பார்த்தான், வேனையும் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. ஆனால் வேன் இல்லாவிட்டால் விமானம் ஏரிக்கு வராது. “விடுங்கப்பா, ஆனது ஆச்சு” என்றான். பிறகு என் தோளில், வலிக்கிற தோளில், தட்டினான். “இனிமே டியூனிங் மட்டும் நீ பாத்துக்க மச்சான். ஓட்டறத நாங்க பாத்துக்கறோம்.”

போடா என்று சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும். வரவில்லை. உட்கார்ந்து மண்ணில் சிதறிய துண்டுகளைப் பொறுக்கினேன். அடுத்த மூன்று ஞாயிறும் போனேன். வளைந்த தண்டை நிமிர்த்தினேன், மூக்குக்குத் தகடு வெட்டிக் கொடுத்தேன், ஊசித் திருகைப் பார்த்தேன். அவர்களைப் பற்றி எவ்வளவு கேவலமாக எழுதினாலும் அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் என்னுடையவை. இன்னொரு தரம் தருவான் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை.

நாலாவது ஞாயிறு பக்தவத்சலம் புதிதாகச் சேர்ந்த ஒருவனிடம் என்னைக் காட்டி, “இவன்தான் அன்னிக்கி ஊத்தி மூடனவன். இடது வலது தெரியாது, ஆனா நல்ல மெக்கானிக்” என்றான். லோகநாதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் ஸ்பேனர்களைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். பின்னால் எஞ்சின் கிளம்பியது. சத்தம் இளைப்பதைக் கேட்டேன். திரும்பவில்லை.

இப்போது ஏழு வருஷம் ஆகிறது. லோகநாதன் ஆவடியில் அப்பாவின் குவார்ட்டர்ஸிலேயே இருக்கிறான். பக்தவத்சலம் திருவேற்காட்டில் இரண்டாவது கடை போட்டிருக்கிறான். அந்த வழியாக நான் ஷேர் வேனில் போவதைப் பார்த்தால் கல்லாவில் உட்கார்ந்தபடியே, “இன்னா மாமே, சௌக்கியமா?” என்று கை ஆட்டுகிறான். சௌக்கியம்தான்.

“சுவிட்சைப் போட்டது நான்தான்.” லோகநாதன் காதுபட அதை அவன் வாயால் சொல்ல வேண்டும். பக்தவத்சலம் எனக்குத் தர வேண்டியது அது. இன்னும் தரவில்லை.