பேர் கேட்காத சலவைக் கடை

அந்தச் சலவைக் கடையில் அக்காவுக்குத் தெரியாத சட்டை கிடையாது. வாடிக்கையாளர்கள் எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள் உட்பட. ரசீது, எண், எதுவும் கிடையாது. ஆள் தெருவைக் கடந்து படியேறுவதற்குள் அவருடைய மூட்டை கவுண்டரில் தயாராக இருக்கும். பத்தொன்பது வருஷமாக இதே கதைதான். இதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கொஞ்சம் என்பது நம் மரியாதைக்கு.

ஆனால் தலைக்கனத்துக்கு வாடகை கட்ட வேண்டியிருந்தது. அவள் ஒரு நாள் நகர்ந்தால் கடை படுத்துவிடும். மகள் பட்டம் வாங்கிய அன்று இரண்டு கோட்டு மாறிப்போய், அதைத் தேடிக் கொடுத்துவிட்டு இவள் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் நாற்காலியை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மகளின் கல்யாணத்திலும் பாதி நேரம் போனில்தான் இருந்தாள். இப்போது ஆறு மணி நேரத் தொலைவில் இருந்த அந்த மகளுக்கு ஏழாவது மாதம்.

"பிரசவத்துக்காவது வருவியாம்மா, இல்ல குழந்தை நடக்கப் பழகி, அதுவே கடைக்கு வந்து உன்னைப் பார்த்துக்கணுமா?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. "பத்து நாள் முன்னாடியே வந்துடுவேன். ஒரு மாசம் இருப்பேன்" என்றாள். மகள் "சரி சரி" என்றாள். நம்பாதவர்கள்தான் சரியை இரண்டு தடவை சொல்வார்கள்.

ஒரு மாதம் கடையை யார் பார்ப்பது? வீட்டுக்காரர் இருக்கிறார். பின்கட்டில் துவைக்கிற இயந்திரம் அவர் சொன்ன பேச்சைக் கேட்கும். ஆனால் துணி விஷயத்தில் அவருக்கு உலகம் மூன்றே வகை: வெள்ளை, கலர், கிழிஞ்சது. இஸ்திரி போடுகிறவரோ தலையைத் தூக்கினால் கை நின்றுவிடும் என்று நம்புகிறவர். ஆக, அவள் தலைக்குள் இருப்பதை வேறு எதிலாவது இறக்கி வைக்க வேண்டும். சாப்ட்வேர் வாங்குவது என்று முடிவானது.

முதலில் ஒருவர் வந்தார். லேப்டாப்பைத் திறந்து வண்ண வண்ணமாகப் படம் காட்டினார். "இதுல நாற்பது கிளை வரைக்கும் சேர்த்துக்கலாம் மேடம்."

"எனக்கு இருக்கிறது ஒண்ணு. அதுலயே கதவு சரியா சாத்த மாட்டேங்குது. உங்க சாப்ட்வேர் அதைப் பார்க்குமா?"

அவர் லேப்டாப்பை மூடினார்.

அடுத்து, இலவசம் என்ற ஒரே காரணத்துக்காக வீட்டுக்காரர் ஒன்றைப் போனில் இறக்கினார். அது முடிவெட்டும் கடைக்காகச் செய்தது. ஒரு வேட்டியைப் பதிவு செய்யப் போனால், எந்த நாற்காலி, ஷேவிங் உண்டா என்று கேட்டது. வீட்டுக்காரர் இரண்டு நாள் அதற்கும் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாவதாக வந்தவர் டை கட்டியிருந்தார், ஆனால் பொய் சொல்லவில்லை. "இதுக்குத் துணியைப் பத்தி ஒண்ணுமே தெரியாது மேடம். நீங்க என்ன சொல்றீங்களோ அதை மறக்காது. அவ்வளவுதான்."

"மறக்காதா?"

"மறக்கவே மறக்காது."

அக்கா பின்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "அப்ப எங்க வீட்டுக்காரருக்கு நேர் எதிர். இதையே போட்டுடுங்க" என்றாள். பின்கட்டில் ஒரு வாளி சத்தமாக வைக்கப்பட்டது.

இனி வாடிக்கையாளர்களைப் பதிவு செய்ய வேண்டும். முதல் கட்டத்திலேயே வண்டி நின்றது. 'பெயர்: கட்டாயம்' என்றது திரை. அக்காவுக்கு யார் பெயரும் தெரியாது. பத்தொன்பது வருஷத்தில் ஒருவரைக்கூட அவள் கேட்டதில்லை. கேட்டால், தெரியாது என்று ஒப்புக்கொண்டது போல ஆகிவிடாதா? அவளிடம் இருந்தது ஒரு தடித்த நோட்டு. அதில் ஒவ்வொரு போன் நம்பருக்கும் பக்கத்தில் அவளே வைத்த பட்டப்பேர். துணியில் குத்துகிற சீட்டிலும் அதே பேர்தான். ஈரத்துண்டு. சென்ட் குளியல். பட்டன் பிடுங்கி. சிரிக்காத டீச்சர். கறைக்குக் காரணம் சொல்பவர். வீட்டுக்காரருக்கும் இஸ்திரிக்காரருக்கும்கூட இந்தப் பேர்களைச் சொன்னால்தான் ஆள் பிடிபடும்.

கட்டம் கேட்கிறது, கொடுத்துவிட வேண்டியதுதானே! ஒன்பது நாள் உட்கார்ந்து அறுநூற்றுப் பன்னிரண்டு பேரையும் அடித்து முடித்தாள். கழுத்து பிடித்துக்கொண்டது. ஆனாலும் தேடினால் டக்கென்று வந்தது, சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலை அவள் டீ போடப் போயிருந்தாள். திரையில் ஏதோ கேள்வி வந்தது. வீட்டுக்காரர் 'சரி' என்பதை அமுக்கினார். எது வந்தாலும் சரி என்று அமுக்குவது அவர் சுபாவம். கல்யாணத்துக்குக் கேட்டபோதும் அப்படித்தான் அமுக்கினார் என்று அக்கா சொல்வதுண்டு.

இந்தத் தடவை அறுநூற்றுப் பன்னிரண்டு போன்களுக்குச் செய்தி போனது. 'அன்புள்ள ஈரத்துண்டு அவர்களே, எங்கள் கடை கணினிமயமாகிவிட்டது. உங்களை நாங்கள் என்றும் மறக்க மாட்டோம்.'

பத்து மணிக்குள் வாசலில் கூட்டம். கடை போச்சு, பிரசவத்துக்குப் போவதும் போச்சு என்றே அக்கா நினைத்தாள்.

ஒருவர் கவுண்டரில் குத்தினார். "எதிர்வீட்டுக்காரனுக்கு 'மடிப்புக் கலையாதவர்'. எனக்கு 'ஈரத்துண்டா'? நான் என்ன அவனைவிடக் குறைஞ்சவனா?"

"அவரு துண்டைக் காயவெச்சுக் கொண்டுவராரு சார்" என்றார் இஸ்திரிக்காரர், தலையைத் தூக்காமல். அவர் வாயைத் திறந்ததே அந்த வருஷத்தில் அப்போதுதான்.

சென்ட் குளியல் வந்தார், நின்றார், போனார். அவர் போன பிறகும் அரை மணி நேரம் அவர் அங்கேயேதான் இருந்தார். பட்டன் பிடுங்கி மட்டும் தன் பேர் தனக்குப் பிடித்திருக்கிறது என்றார். வீட்டில் இதைவிட மோசமாகக் கூப்பிடுகிறார்களாம்.

கடைசியாகச் சிரிக்காத டீச்சர் வந்தார். சத்தம் போடவில்லை. போனை எடுத்து அக்காவின் முகத்துக்கு நேரே காட்டினார்.

"பதினாலு வருஷமா வரேன். ஒரு தடவை என் பேரைக் கேட்டிருக்கலாமில்ல?"

எல்லாரையும் தெரியும் என்று இத்தனை நாள் அக்கா நினைத்திருந்தாளே, தெரிந்ததெல்லாம் காலரும் கறையும்தான். வெட்கமாக இருந்தது. "தப்புதான் டீச்சர். இப்பக் கேட்கிறேன். உங்க பேரு?" என்றாள். டீச்சர் சொன்னார், எழுத்துக் கூட்டிச் சொன்னார், திரையில் சரியாக வந்ததா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அப்புறம் சண்டைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு, பேரைக் கேட்டாள். இரண்டு வாரத்தில் முக்கால்வாசிப் பேருக்குச் சொந்தப் பேர் கிடைத்துவிட்டது. அதற்கப்புறம் வீட்டுக்காரரால் ஒருவரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. "நல்ல பேரையெல்லாம் போட்டா எனக்கு எப்படிடி ஆளு தெரியும்?" என்றார். டை கட்டினவரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து, பெயருக்குக் கீழே 'குறிப்பு' என்று இன்னொரு கட்டம் முதல் நாளிலிருந்தே இருக்கிறது என்று காட்டினார். அது யார் போனுக்கும் போகாதாம். அக்கா அவரை முறைத்த முறையில் அவர் டையைத் தளர்த்திக்கொண்டார்.

பட்டப்பேர்களையும் யார் எந்தத் துணி கொண்டுவருவார் என்பதையும் குறிப்புக்கு இறக்கி, வீட்டுக்காரரைக் கவுண்டரில் நிற்கவைத்துப் பழக்கினாள். இன்னும் கொஞ்ச நாள் பழக்கிவிட்டுக் கிளம்பலாம் என்றிருந்தாள். மருமகனிடமிருந்து போன் வந்தது. குறித்த நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்க, மகளுக்கு வலி எடுத்துவிட்டது.

"நீ கிளம்பு, நான் பார்த்துக்கிறேன்" என்றார் வீட்டுக்காரர். சொல்லும்போதே எந்தப் பட்டனை அமுக்குவது என்று தேடிக்கொண்டிருந்தார்.

அவள் பஸ்ஸில் போகும்போதே அவர் ஒன்பது தடவை போனில் கூப்பிட்டார். அரக்குப் புடவை யாருடையது, கோடு போட்ட சட்டைக்குக் கஞ்சி உண்டா, திரை ஏன் கறுப்பாகிவிட்டது. ஒன்பதுக்கும் அக்கா பதில் சொன்னாள். சொல்லச் சொல்ல உள்ளுக்குள் ஒரு திருப்தி. பார்த்தாயா, நான் இல்லாமல் முடியவில்லை!

ஆஸ்பத்திரியில் மகள் வியர்த்துப்போய்க் கிடந்தாள். அம்மாவைப் பார்த்ததும் கண் கலங்கியது. "வந்துட்டியா?" என்று கையைப் பிடித்தாள். எலும்பு நொறுங்குகிற பிடி. வலி வந்து, போய், மறுபடி வருவதற்கு இடையில் அக்காவின் பையில் போன் அடித்தது.

மகளின் கை நழுவியது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "எடும்மா. எடுக்காம உன்னால இருக்க முடியாது."

அக்கா எடுத்தாள்.

"சீட்டு விழுந்துபோய் ஒரு நீலக் கோட்டு தொங்குது. காலர்ல வெள்ளைத் தையல். யாரோடது?"

கேள்வி முடியும் முன்னே பதில் அவள் நாக்கு நுனியில் நின்றது. மகளின் முதுகைப் பார்த்தாள்.

"தெரியலை" என்றாள்.



"தெரியலையா? உனக்கா? என்னடி, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். கம்ப்யூட்டர்ல தேடுங்க. நீலக் கோட்டுன்னு அடிச்சா வரும். வரலைன்னா, வர்றவங்ககிட்ட வாயைத் திறந்து கேளுங்க." போனை அணைத்தாள். அது முழுதாக அணைந்து கறுப்பாகும்வரை பிடித்திருந்து, பைக்குள் அடியில் திணித்தாள்.

மகள் மெல்லத் திரும்பினாள். அம்மாவை அவளுக்குத் தெரியாதா? அத்தனை வலியிலும் உதட்டோரம் துடித்தது.

"யாரோட கோட்டும்மா?"

"பல் டாக்டரோடது. இடது பையில எப்பவும் மிட்டாய் இருக்கும்" என்றாள் அக்கா. "நீ கையைக் கொடு."