சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவர் கேட்ட கேள்வி

1.
கல்லூரி மலரின் நகைச்சுவைப் பக்கத்துக்காக ஒப்புக்கொண்ட கதை இது. விஷயம் இதுதான்: ஆளைக் கேட்காமல் கால்கள் மட்டும் தனியாக நடக்கின்றன. சிரிப்பு வராமல் எங்கே போய்விடும் என்று நினைத்தேன். இரண்டு வாரமாக ஆசிரியர் குழு துரத்துகிறது. சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

2.
முதல் தொடக்கம்: "மின்கம்பத்திலிருந்து விழுந்த லைன்மேனை மறுபடி நடக்க வைத்ததும் மின்சாரம்தான் என்பது..." (அடித்துவிட்டேன். வாழ்க்கையில் நடந்தால் விதி என்பார்கள். கதையில் நடந்தால் சோம்பேறித்தனம் என்பார்கள்.)

இரண்டாவது: "ஆராய்ச்சிக்கூடத்தில் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, இரண்டு கால்களையும் மேலிருந்து தொங்கும் பட்டைகளில் கட்டினார்கள்." இது இருக்கட்டும். கத்தி இல்லை, ஊசி இல்லை. முதுகெலும்புக்கு மேலே, தோலில் ஒட்டிய, மின்சாரம் பாய்ச்சும் இரண்டு வில்லைகள், அவ்வளவுதான். பிசியோ அம்மா குமிழைத் திருகினால், மூன்று வருடமாக மரத்துக் கிடந்த கால்கள் காற்றில் மாறி மாறி எட்டு வைக்கும்.

அவருக்குத்தான் தெரியாது. கால்களில் உணர்ச்சி இல்லை. முகமோ சுவர்ப் பக்கம்.

"ஏய், நடக்குதா?"

காலடியில் நிற்கும் மனைவி சொல்வாள்: "நடக்குது, நடக்குது. கல்யாணமான புதுசுல என்னை விட்டுட்டு முன்னாடி போவீங்களே, அதே வேகம்."

"கூப்பிட்டிருக்க வேண்டியதுதானே?"

"கூப்பிட்டேன். காது அப்பவே போயிருந்துச்சு."

(இங்கே சிரித்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை.)

3.
இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே ஒரு சந்தேகம். அடுத்தவர் வாய்ச்சொல்லை இப்படி நம்புகிற மனிதர் உண்டா? கம்பத்தில் ஏறினால் கீழே நிற்பவரிடம் "லைன் ஆஃபா?" என்று கேட்பார். "ஆஃப்" என்று பதில் வந்தால் கம்பியில் கை வைப்பார். விழுந்த அன்று கூட்டாளி வேறொரு லைனை அணைத்துவிட்டு "ஆஃப்" என்றார்.

அதற்குப் பிறகும் இவர் மாறவில்லை. "பாக்கறவன் சொல்றத நம்பலைன்னா எந்த வேலையும் ஓடாது," என்பார்.

4.
பயிற்சியின் கடைசி நாள்.

"சார், கரண்ட்டை நிறுத்திட்டேன். இப்ப நீங்களா அசைச்சுப் பாருங்க," என்றார் பிசியோ அம்மா.

முந்தின நாளே லைன்மேன் சொல்லி வைத்திருந்தார்: "சுவிட்ச் இல்லாம ஒரே ஒரு தடவை அசைஞ்சா போதும், வீட்ல கட்டிலைப் புடிச்சு நானே எழுந்துருவேன். அசையலைன்னா இனிமே என்னை இங்க இழுத்துட்டு வராதீங்க."

கழுத்து நரம்பு புடைத்தது. சட்டை முதுகோடு ஒட்டியது. கால்கள் பட்டைகளில் சும்மா தொங்கின.

"ஏய், நடக்குதா?"

முடிவு அ: "நடக்குதுங்க" என்கிறாள். மறுநாள் காலை, அவள் குளிக்கப் போன நேரத்தில், அவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்து... (முடிக்க மாட்டேன்.)

முடிவு ஆ: "இல்லைங்க" என்கிறாள். அவர் சுவரைப் பார்த்தபடியே "சரி" என்கிறார். (அந்தச் "சரி"யை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நான்கையும் கிழித்துவிட்டேன்.)

முடிவு இ: பெருவிரல் லேசாக அசைகிறது. (அசையவில்லை.)

5.
ஒரு திருத்தம். அறையில் இன்னொருவனும் இருந்தான். அவர்களுடைய மகன். நான்தான்.

 அம்மா வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். அப்பாவும் கேட்கிற ஆளை மாற்றிவிட்டார்.

"டேய், நீ சொல்லுடா. நடக்குதா?"

வாயாடி என்று வகுப்பில் பெயர் வாங்கியவன் நான். வாய் திறக்கவில்லை.

ஆகவே, வாசகரே, என் இடத்தில் உங்களை நிறுத்திவிட்டு நான் வராந்தாவுக்குப் போகிறேன். கால்கள் உங்களுக்கு நன்றாகவே தெரிகின்றன. அப்பா இன்னும் முயன்றுகொண்டிருக்கிறார். பதில் வந்தால்தான் நிறுத்துவார்.

சீக்கிரம் சொல்லுங்கள். அவருக்கு மூச்சு வாங்குகிறது.