வாடகைக் கேக்

கத்தியை வைத்து அழுத்தியதும் 'டக்' என்று சத்தம் கேட்டது. ஹில்டா மறுபடியும் அழுத்தினாள். மறுபடியும் 'டக்'. கேக்கை வெட்டினால் இப்படிச் சத்தம் வராதே என்று அவள் யோசிப்பதற்குள், மாப்பிள்ளை யேசுதாஸின் அக்கா எல்சி பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள்.

"அங்க இல்லடி, இங்க." எல்சி முகத்தில் சிரிப்பு மாறாமல் ஹில்டாவின் மணிக்கட்டைப் பிடித்து அடித்தட்டின் ஓரத்துக்கு இழுத்தாள். "இந்தப் பொந்துல மட்டுந்தான் நெஜக் கேக்கு கீது. போட்டோக்காரரு காத்துகினு கீறாரு. சிரி."

ஹில்டா குனிந்து பார்த்தாள். மூன்று தட்டு, நடுவில் குட்டித் தூண்கள், உச்சியில் கோட்டுப் போட்ட பொம்மையும் கவுன் போட்ட பொம்மையும். எல்லாம் பலகை. மேலே சுண்ணாம்பு மாதிரி ஏதோ இறுகிப்போய் வெள்ளைவெளேரென்று இருந்தது. அடித்தட்டில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பொந்து, அதற்குள் கடையில் வாங்கிய ஒரு துண்டு. இரண்டாவது தட்டில் யாருடைய கட்டைவிரல் அழுக்கோ பதிந்திருந்தது. எத்தனை கல்யாணம் பார்த்த கேக்கோ!

"எங்கம்மா செஞ்ச கேக்கு எங்க?"

"சமையல்கட்டுல கீது. அத்த அப்பால பாத்துக்கலாம்."

ஹில்டாவுக்குக் காது இரண்டும் சுட்டது.

அந்தக் கேக்குக்காக அவள் அம்மா வியாகுலம்மாள் மூன்று மாதம் பாடுபட்டிருந்தாள். அறுபத்தாறாம் வருஷம், சர்க்கரை ரேஷனில்தான். வியாகுலம்மாள் டீயில் வெல்லம் போட்டுக் குடித்துச் சர்க்கரையை மிச்சம் பிடித்தாள். அதுவும் போதவில்லை. பக்கத்து வீட்டில் மீன் விற்கும் பச்சையம்மா, "எங்கூட்ல எவன் சர்க்கரை துன்றான், எடுத்துக்கோ" என்று இரண்டு மாத ரேஷனை அப்படியே கொண்டுவந்து கொட்டினாள். சந்து முனையில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஜஹாங்கீர் பாய், காலை ரொட்டி இறங்கினதும் சூடு அடங்காத அடுப்பில் வியாகுலம்மாளின் தட்டுகளை வைத்துக் கொடுத்தார். ஒரு பக்கம் அதிகம் வெந்து, கேக் கொஞ்சம் சாய்ந்துதான் வந்தது.

மேலே பூச்சு பூசியதும் வியாகுலம்மாள்தான். முட்டை வெள்ளையும் பொடித்த சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து அடித்து, தோசைக்கரண்டியின் முதுகால் தேய்த்தாள். மே மாத வெயிலில் அது நிற்குமா? வழிந்து அடியில் மடிப்பு மடிப்பாகத் தேங்கியது. காகிதச் சுருளில் ரோஸ் கலர் பிழிந்து பெயர் எழுதினாள். 'ஹில்டா' பெரிதாக விழுந்துவிட்டது. 'யேசுதாஸ்' இடம் போதாமல் விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கியது. அதைப் பார்த்து அம்மாவும் பெண்ணும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

ஹில்டா யேசுதாஸைப் பார்த்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். இரவல் கோட்டில் வேர்த்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்கு இது தெரியுமா?"

"அக்கா சொல்லிச்சு..." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஒரு போட்டோவுக்குத்தானே ஹில்டா. அனுசரிச்சிக்கோ."

அவள் கத்தியை மேஜைமேல் போட்டாள். அது விழுந்த சத்தத்தில் மண்டபம் பாதி அடங்கியது. தலையில் போட்டிருந்த வெள்ளை வலை தரையில் இழுபட, நேராகச் சமையல்கட்டுக்கு நடந்தாள்.

பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் தரையில் கேக் இருந்தது. வியாகுலம்மாள் அதன் அருகே உட்கார்ந்து முந்தானையால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். புதுப் புடவை கசங்கியிருந்தது.

"எந்திரிம்மா. ஒரு பக்கம் புடி."

"வேணாம்டி. நாந்தான் சரின்னேன்."

"இன்னாது?"

"எல்சி வந்து பாத்தா. பரங்கிக்காய்க்கு வெள்ளையடிச்ச மாதிரி கீதே, பெரிய மனுசங்க வர எடத்துல இத்தையா வெக்கிறதுன்னா. நானும் பாத்தேன். கோணலாத்தான் கீது. சரி, உள்ள வெச்சிடுங்கன்னேன்."

அதுவரை எல்சிமீது இருந்த கோபம் திரும்பி அம்மாமேல் பாய்ந்தது. "பச்சையம்மாக்கா சர்க்கரைய கேக்காம குடுத்துது. அத்த கொண்டாந்து அண்டா பக்கத்துல வெச்சிகினு ஈ ஓட்டறியே, வெக்கமா இல்ல உனக்கு?"

"கத்தாதடி. நாளைக்கு அந்த வூட்ல நீ வாழணும்."

"வாழ்றேன். பயந்துகினு வாழ மாட்டேன்."

வியாகுலம்மாள் எழுந்திருக்கவில்லை. ஹில்டாவே குனிந்து தட்டைத் தூக்கினாள். கனம் இடுப்பை இழுத்தது. பூச்சு வலையில் ஒட்டிக்கொண்டது. பந்தியில் உட்கார்ந்திருந்த பச்சையம்மா இதைப் பார்த்துவிட்டு, சோற்றுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஓடிவந்து மறுபக்கத்தைத் தாங்கினாள்.

மேஜையில் இடம் இல்லை. தட்டைப் பச்சையம்மாவிடம் விட்டுவிட்டு, ஹில்டா அந்த மூன்றடுக்கைத் தூண்களோடும் பொம்மைகளோடும் தூக்கி எல்சியின் கைகளில் வைத்தாள்.

"புடிங்கக்கா. பாத்து. வாடகைப் பொருளு."

எல்சி அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். கீழே வைக்க ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. உச்சியில் இருந்த பொம்மைகள் ஆடின. "யேசு, பாருடா இவள!" என்றாள். யேசுதாஸ் அக்காவையும் பார்த்தான், பெண்டாட்டியையும் பார்த்தான், வாயைத் திறக்கவில்லை. போட்டோக்காரர் என்ன நினைத்தாரோ, அந்த நேரம் பார்த்து விளக்கைப் பளிச்சென்று அடித்துவிட்டார்.

காலியான மேஜையில் அம்மாவின் கேக்கை வைத்து ஹில்டா வெட்டினாள். கத்தி சத்தமில்லாமல் இறங்கியது. உள்ளே கருஞ்சிவப்பாக, காய்ந்த திராட்சையும் ஆரஞ்சுத் தோலும் தெரிய, கிராம்பு வாசம் எழுந்தது. முதல் துண்டைப் பச்சையம்மாவின் வாயில் ஊட்டினாள். இரண்டாவது ஜஹாங்கீர் பாய்க்கு. "ஒரு பக்கம் தீஞ்சது என் அடுப்போட தப்பும்மா," என்று அவர் எல்லோருக்கும் கேட்கிறபடி சொன்னார். அப்புறம் ஜனம் சூழ்ந்துகொண்டது. எல்சி சொன்ன பெரிய மனுசர்களும் தட்டு நீட்டினார்கள். அடியில் தேங்கியிருந்த சர்க்கரை மடிப்புக்குத்தான் போட்டி. பெண்கள் அதைக் கத்தி முனையால் சுரண்டித் தின்றார்கள்.

யேசுதாஸ் மெதுவாகக் கை நீட்டினான்.

"உங்க துண்டு அக்கா கையில கீது," என்றாள் ஹில்டா. "அந்தப் பொந்துல."

கடைசிவரை வியாகுலம்மாள் வெளியே வரவில்லை. கிளம்பும்போது ஹில்டா போய் நின்றாள். அம்மா அவள் நெற்றியில் சிலுவை போட்டாளே தவிர முகம் கொடுக்கவில்லை. "என்னை நாலு பேர் முன்னால சந்தி சிரிக்க வெச்சிட்டே," என்றாள். நாலு பேரும் தட்டை வழித்துத் தின்றதை ஹில்டா சொல்ல நினைத்தாள். சொன்னால் அழுகை வந்துவிடும் போலிருந்ததால் சொல்லாமலே போனாள்.

காசிமேட்டில் யேசுதாஸின் வீட்டில் மூன்று நாள் யாரும் யாரோடும் பேசவில்லை. ஹில்டா சமைத்தாள். அவன் வந்தால் சோற்றுத் தட்டைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். மாடியில் குடியிருந்த எல்சி, படி இறங்கும்போதெல்லாம் யாரிடமென்றில்லாமல், "மரியாதை தெரியாத ஜென்மங்க" என்று சொல்லிக்கொண்டே போவாள்.

நாலாம் நாள் பச்சையம்மா மீன் கூடையோடு அந்தத் தெருவுக்கு வந்தாள். வாசலில் கூடையை இறக்கிவிட்டு, "சேதி தெரியுமா? உம் புருசன் காத்தால வேலைக்குப் போற வழில உங்கம்மாவாண்ட வந்தான்," என்றாள்.

"எதுக்கு?"

"உள்ள வரல. வாசல்லயே நின்னுகினு, 'அத்தே, எங்கக்கா செஞ்சது தப்பு, வாய மூடிகினு நின்னது அத்தவிடத் தப்பு'ன்னான். உங்கம்மா, 'கேக்கு கோணலாத்தான இருந்துச்சு'ன்னுது. 'எனக்குத்தான் ஒரு துண்டும் கெடைக்கலியே'ன்னுட்டுப் போய்ட்டான்."

ஹில்டா மீனைப் புரட்டிப் பார்த்தாள். கோபம் போய்விடவில்லை. மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை ஆளில்லாத வாசலில் போய்ச் சொல்லியிருக்கிறான். அதுவும் அவளிடம் சொல்லவில்லை. ஆனாலும் சொல்லியிருக்கிறான்.

அன்று சாயங்காலம் அவன் வந்து கால் கழுவி உட்கார்ந்தபோது, தட்டைத் தரையில் வைக்காமல் கையில் கொடுத்தாள். பேச்சு அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் தொடங்கியது. அதுவும் சண்டையாகத்தான்.